பரமேஸ்வரி அக்கா திருத்திய குறியீடு

செவ்வாய்க்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தொலைபேசி வந்தது. பரமேஸ்வரி அக்கா தவறிவிட்டார்கள்.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை நாங்கள். டாக்டர் எழுதிய நோய்க்குரிய குறியீட்டை, ஓர் எழுத்தும் எண்ணுமாக, கோப்பில் பதிவதுதான் வேலை. கையெழுத்து புரியாவிட்டால் அக்கா ஊகிக்கமாட்டார்கள். மூன்று மாடி ஏறிப் போய்க் கேட்டு வருவார்கள்.

பந்திங் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலோடு வந்து மூன்றாம் நாள் இறந்தார். மாத அறிக்கை அனுப்பும் அவசரத்தில், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், 'ஏ41.9' என்று போட்டுக் கோப்பை மூடினேன். கிருமி எதுவென்று சொல்லாத ரத்தத்தொற்று என்று பொருள். பிறகு முடிவு வந்தது: மெலியோய்டோசிஸ். மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமி. நாங்கள் அரிதாகவே பார்ப்பது.

"ஏ24.1 போடணும் கலா. ஃபைலைத் திறக்கலாம்."

"ரிப்போர்ட் போயிருச்சுக்கா. செத்தவருக்கு எந்த நம்பர் போட்டா என்ன?"

"அவரு தம்பியும் அதே சேத்துலதான் லா வேலை செய்றாரு."

அக்காவே டாக்டரிடம் போய்க் கையொப்பம் வாங்கித் திருத்தினார்கள். டாக்டர் அந்தத் தம்பியை வரவழைத்தார். அவருக்கும் காய்ச்சல் தொடங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

அனுப்பிய அறிக்கை ஏன் மாறியது என்று நிர்வாகம் விசாரித்தது. கோப்பில் கடைசியாக இருந்தது அக்காவின் பெயர். "யார் தப்பாப் போட்டது?" என்று மேலாளர் கேட்டபோது அவர்கள் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அவர்களுக்கு வந்தது. அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய மேற்பார்வையாளர் பதவி எனக்கு வந்தது. முதல் ஆளாக வந்து கைகொடுத்தவர்கள் அக்காதான். அந்தக் கையை என்னால் சரியாகப் பிடிக்கக்கூட முடியவில்லை.

காப்பாரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனதும் அவர்கள் கணவரிடம் சொன்னேன்: "அண்ணே, அந்தக் கடிதம் எனக்கு வந்திருக்கணும்."

"தெரியும்மா. அன்னைக்கே சொன்னா. ஓய்வு பெற்ற பிறகும், கலா ஒருநாள் வந்து பேசுவான்னு சொல்லிட்டு இருப்பா."

காப்பாருக்கும் என் வீட்டுக்கும் அரைமணி நேரம்கூட இல்லை. அவர்கள் இருந்தவரை ஒருநாளும் நான் போகவில்லை.

அரக்குநிறச் சேலையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு அக்கா படுத்திருந்தார்கள். காலைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

அக்கா, அந்தத் தவறு என்னுடையது. நம்மோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று இதை என் பெயர் போட்டே எழுதுகிறேன். போய் வாருங்கள்.