அக்காவின் வண்டிக்குக் கிக் அடித்தவர்கள்

எங்கள் அன்பு அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நீயும் ஏதாவது எழுதிக் கொடு என்று சின்ன அக்கா கேட்டாள். எழுத உட்கார்ந்தால் அக்காவுக்கு முன்னால் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்தான் வந்து நிற்கிறது. அக்காவைப் பற்றிக் கேட்டால் வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறானே என்று உறவினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது உறையூரில். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஜீயபுரம் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் அப்பா காலமானார். சின்ன அக்காவும் நானும் அப்போது படித்துக்கொண்டிருந்தோம். அப்பா விட்டுப்போன சொத்து என்றால் அந்த வண்டி ஒன்றுதான். அக்கா அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். பெண்பிள்ளை இதை ஓட்டுவதா என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பிற்பாடு அக்காவின் பின்னால் உட்கார்ந்து கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், இந்த மலர் அவர்கள் கைக்கும் வரும்.

எங்களைக் கரையேற்றுவதிலேயே அக்காவுக்குக் காலம் போயிற்று. தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஸ்ரீரங்கத்தில் நான் குடியேறியபோது எங்களோடு வந்து இருந்தார்.

வண்டி கிளம்பவில்லை என்றால் அக்கா பதற மாட்டார். “பெட்ரோல் வருதா, கரண்ட் வருதா, காத்து போகுதா? இந்த மூணுல ஒண்ணுதான். வண்டியத் திட்டி என்ன ஆகப்போகுது?” என்பார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. கரி பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவார். காவேரிப் பாலத்தில் ஏறும்போது இழுவை குறைந்தால், சைலன்சரில் கரி அடைத்திருக்கிறது என்று போகிற போக்கிலேயே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. கிக்கரில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. “என் கால் பழக்கத்துக்குத்தான் இது கிளம்பும்” என்று எங்களை அண்ட விட மாட்டார். அதனால் எனக்கு வண்டியின் பின்னால் உட்கார மட்டும்தான் தெரியும்.

பணி ஓய்வுக்கு முந்தைய வருடம் வண்டி தகராறு செய்யத் தொடங்கியது. காலையில் எவ்வளவு மிதித்தாலும் கிளம்பாது. புது பிளக் போட்டார், கார்புரேட்டரைக் கழுவினார். தென்னூர் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால், அவர் மிதித்த மிதியில் கிளம்பிவிடும்.

“வண்டி நல்லாத்தான இருக்கு, டீச்சர்?”

“உங்களப் பாத்தா மட்டும் நல்ல பிள்ளையா நடிக்குது” என்பார் அக்கா.

நாங்களும் வண்டியைத்தான் திட்டினோம். வயதாகிவிட்டது, தூக்கிப் போடு என்றோம். ஒருநாள் காலை அக்கா மிதித்து மிதித்து, முகமெல்லாம் வியர்த்துப்போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, நீ ஒரு தடவ மிதிச்சுப் பாருடா” என்றார். அப்படி அவர் சொன்னதே கிடையாது. நான் மிதித்தேன். உடனே கிளம்பிவிட்டது.

அக்கா வண்டியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

“அப்போ கோளாறு வண்டில இல்லடா.”

அன்றே மருத்துவரிடம் போனோம். இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பை வருத்தக் கூடாது, கிக் அடிக்கவே கூடாது என்றார்.

அக்காவுக்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரீட்சை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். லீவு போடு என்று நான் சண்டை பிடித்தேன். “பாதில விட்டுட்டு வந்தா அதுங்க யார்கிட்டடா கணக்குக் கேக்கும்?” என்றார். ஜீயபுரத்துக்குச் சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாற வேண்டும், கூட்டத்தில் நின்றுகொண்டு போக அவரால் முடியாது. “கிக் அடிக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. ஓட்டக் கூடாதுன்னு சொல்லலியே” என்று மறுபடி அவரிடமே என்னை இழுத்துக்கொண்டு போனார். மெதுவாகப் போங்கள், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள் என்று அவரும் அரைமனதாகச் சொன்னார். அக்காவிடம் ஜெயித்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

அதற்கப்புறம்தான் அந்தப் பிடிவாதக்காரர் ஊரையே கிக் அடிக்க வைத்தார். காலையில் நான், நான் இல்லாவிட்டால் எதிர்வீட்டு வங்கி சார். அவரும் ஊருக்குப் போயிருந்தால் பால் போடுகிறவர். மாலையில் பள்ளி வாட்ச்மேன். வழியில் குடமுருட்டிப் பாலத்தருகே வண்டி அணைந்துவிட்டால் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து யாராவது ஓடி வருவார்கள். “உக்காருங்க டீச்சர், எறங்காதீங்க” என்று அக்காவை உட்கார வைத்தே பக்கத்தில் நின்று மிதித்து விடுவார்களாம். பிளக்கைக்கூடத் தன்னைத் தொட விடுவதில்லை என்று வீட்டுக்கு வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். முகத்தில் மட்டும் சந்தோஷம் வழியும்.

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று வந்து வண்டியை நிறுத்தினார். “எல்லாம் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்துதுங்கடா” என்றார். அந்த வாரமே மருத்துவமனையில் சேர்த்தோம். அக்கா வீடு திரும்பவில்லை.

மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்கத்தில் உடன் நின்ற சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மாதங்களில் அக்காவின் வண்டிக்குக் கிக் அடித்துக் கொடுத்த ஒவ்வொருவரையும் தனியாகக் கும்பிடுகிறேன். சிலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. உங்களால்தான் அக்கா நினைத்ததை முடித்தார்.

வண்டியை நாங்கள் விற்கவில்லை. தினமும் காலையில், அக்கா கிளம்பும் நேரத்துக்கு, போய் ஒரு மிதி மிதிக்கிறேன். உடனே கிளம்பிவிடுகிறது. ஒரு நாளாவது கிளம்பாமல் அடம் பிடிக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.