அன்னபூரணம் நடத்திய ஒயின் விருந்து

மலாயாவில், சிரம்பான் நகரின் தெமியாங் பகுதியில் ஒயின் கடை வைத்திருந்தவரின் மனைவி அன்னபூரணம். ஆனால் ஒரு சொட்டு ஒயினைக்கூட அவர் நாக்கில் வைத்ததில்லை. கோயிலுக்குப் போனால் மற்ற யாழ்ப்பாணத்துப் பெண்கள் சற்றுத் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். "சாராயக்கடைக்காரற்ற மனுசி" என்ற முணுமுணுப்பு அவர் காதிலும் விழும். வீட்டில் வந்து சொன்னால் கணவர் சிவசிதம்பரம் சிரிப்பார்.

"நான் சாராயமே விக்கிறன்? ஒயின் எல்லே விக்கிறன்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்னபூரணம் கேட்டதில்லை. கேட்க விருப்பமும் இல்லை.

சிவசிதம்பரம் மாதம் ஒருமுறை கடையின் பின்கூடத்தில் விருந்து வைப்பார். சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமார்கள் வருவார்கள். புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பார். அவர்கள் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி, மூக்கருகே பிடித்து முகர்ந்து, ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, பக்கத்தில் இருக்கும் பீங்கான் ஜாடியில் துப்புவார்கள். பிறகு சாப்பாடு. சமையல் அன்னபூரணத்துடையது. இத்தனை கடல் தாண்டி வந்ததைத் துப்புகிறார்களே என்று அடுக்களைக் கதவோரம் நின்று வியப்பார். அதோடு சரி.

கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அரசு கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷம் சிவசிதம்பரம் மாரடைப்பில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. கடையை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் வந்துவிடு என்று உறவுக்காரர்கள் எழுதினார்கள். அன்னபூரணம் போகவில்லை. கடைச் சிப்பந்தி சன்னாசிக்கு எந்த பாட்டில் எந்த ஊருடையது என்று தெரியும். ஆட்களைப் பேசிச் சமாளிக்க அன்னபூரணத்துக்குத் தெரியும். அது போதும் என்று துணிந்துவிட்டார்.

ஆனால் விருந்துக்குத்தான் ஆள் வரவில்லை. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. தோட்டத்துச் சாலைகளில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து வந்து சுடுகிறார்கள் என்ற பயம் வேறு. கடைசியில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய துரை போன் செய்தார். நீங்கள் இங்கே வாருங்கள், பகலிலேயே வைத்துக்கொள்ளலாம், பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களையும் அழைக்கிறேன் என்றார்.

சன்னாசிக்குச் சம்மதமில்லை. "அந்த ரோட்டுல போன வாரந்தான் லோரிய கொளுத்துனானுங்கம்மா. வேணாம்லா."

"விருந்து நிண்டால் கடையும் நிண்டுபோம், சன்னாசி. நீர் வேனை எடும்."

உணவு கொண்டுபோகப் போலீஸில் அனுமதி வாங்கினார்கள். ஒரு சனிக்கிழமை காலை, மஞ்சள் சோறும் மீன் கட்லெட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் ஆட்டுக்கறியுமாக வேன் புறப்பட்டது. அன்னபூரணம் மரக்கறி மட்டுமே சாப்பிடுபவர். கறிக்கு உப்புப் பார்த்தது சன்னாசி. வழிநெடுக இருபுறமும் ரப்பர் மரங்கள். எந்த மரத்தின் பின்னால் யார் நிற்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டே போனார்கள்.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள். பால்வெட்டு முடிந்து திரும்பிய பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூடக் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது அப்போது சட்டம். விடியும் முன் வெறும் வயிற்றோடு போனவர்கள் வெயில் ஏறித்தான் திரும்புவார்கள். திரும்பும்போதும் சோதனை. ஒரு பெண்ணின் கொண்டையை அவிழ்த்து உதறிப் பார்த்தார்கள். வேன் அவளைக் கடந்தபோது, கறி வாசனையில் அவள் கண்களை ஒரு கணம் மூடித் திறந்ததை அன்னபூரணம் பார்த்தார். அவள் பெயர் பஞ்சாலை என்பது பிறகுதான் தெரிந்தது.

பங்களா வராந்தாவில் வெள்ளைத்துணி விரித்த மேசை தயாராக இருந்தது. சன்னாசி ஒயின் பாட்டில்களைத் திறந்து காற்றாட வைத்தார். அப்போது போன் வந்தது. பக்கத்து ஊரான லாபுவில் துப்பாக்கிச் சூடு. சாலைகளை மூடிவிட்டார்கள். விருந்தாளிகள் யாரும் வர முடியாது. அன்னபூரணத்தைத் திருப்பி அனுப்ப மாலையில் கவச வண்டி வரும்.

சன்னாசி பாத்திரங்களை மூடிக் கட்டத் தொடங்கினார். காவலர் ஒருவர் வந்து கையை ஆட்டினார். "நாசி தா போலே கெலுவார்." உள்ளே வந்த சோறு வெளியே போகக் கூடாது. கெட்டுப்போகும் முன் குழி வெட்டிப் புதைத்துவிடச் சொன்னார்.

"புதைக்கிறதோ? சோத்தையோ?" அன்னபூரணம் நேரே துரையிடம் போனார். "துரை, வாசல்ல நிண்ட சனத்தைக் கூப்பிடுங்கோ. அவையள் காலமை துடங்கி ஒண்டும் சாப்பிடேல்லை."

துரை வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு தோட்டத்தில் கற்ற தமிழில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார். "எல்லாம் கூப்பிடு."

தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து வந்தவர்கள் பங்களாப் புல்வெளியில் கால் வைக்கத் தயங்கி ஓரமாக நின்றார்கள். அன்னபூரணம் தானே இலை போட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சன்னாசி மெல்லக் கேட்டார்.

"தொறந்த ஒயினு நாளைக்கி ஆகாதும்மா. என்ன செய்ய?"

"அவையளுக்கும் ஊத்தும்."

துரை நிமிர்ந்து பார்த்தார். மறுப்பார் என்றே சன்னாசி நினைத்தார். அவரோ தன் கோப்பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வீரமுத்து முதல் கோப்பையை ஒரே மடக்கில் குடித்து முகத்தைச் சுளித்தார். "என்னாங்கம்மா இது, புளிச்ச தண்ணி!" சிரிப்பு எழுந்தது. சன்னாசி கோப்பையைச் சுழற்றிக் காட்டினார். "அவசரப்படாதய்யா. மொதல்ல மோந்து பாரு."

பஞ்சாலை பின்வாங்கினாள். "நான் தொட மாட்டேங்கம்மா. எங்க வூட்டு ஆளு கள்ளுக்கடையே கதின்னு கெடக்குறாரு. அந்த வாடையே எனக்கு ஆகாது."

"நானும் குடிக்கிறேல்லை, பிள்ளை. மணந்து மட்டும் பாரும்."

பஞ்சாலை கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். நெற்றி சுருங்கியது. மறுபடி முகர்ந்தாள். "ஸ்டோர்ல ரப்பர் ஷீட்டுக்குப் பொகை போடுவாங்கள்ல, அந்த வாடை அடியில இருக்கு. அதுக்கு மேல எதோ பழம்."

"மங்குஸ்தீன் தோலு," என்றார் வீரமுத்து. இந்த முறை அவர் மெல்லச் சுவைத்திருந்தார். "கடிச்சா துவர்க்குமே, அப்படியே நாக்கப் பிடிக்குது."

"ஈரமான மண்ணு" என்றது இன்னொரு குரல். துரை தன் கோப்பையை மறுபடி முகர்ந்து, "ஆமா, பொகை. பொகை இருக்கு" என்று தலையாட்டினார். கோப்பை கை மாறிக்கொண்டே போனது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் தேடினார். கிடைத்ததும் முகம் மலர்ந்தது. யாரும் போதைக்காகக் குடிக்கவில்லை. பசி, காவல், சோதனை எல்லாவற்றையும் மறந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பெரிய மனிதர்கள் குழந்தைகளைப் போலத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்னபூரணம் பிரமித்துப்போய் நின்றார். பிறகு அவரும் ஒரு கோப்பையை எடுத்து முகர்ந்தார். இத்தனை காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு துவைத்த கணவரின் சட்டையில் அடித்த அதே வாடை. இப்போது அதற்குள் புகை தனியாக, பழம் தனியாக, மண் தனியாக எழுந்து வந்தன. ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். உடம்பு சிலிர்த்தது.

"இதைத்தானே அவர் காட்டிக்கொண்டு இருந்தவர்," என்றார் சன்னாசியிடம்.

செய்தி துரைமார்களின் கிளப் வரை போனது. கூலிகளுக்கு ஒயின் ஊற்றியவள் என்று இரண்டு தோட்டத்துத் துரைமார் கடையோடு உறவை முறித்துக்கொண்டார்கள். கோயிலில் பெண்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அன்னபூரணம் அசையவில்லை. அடுத்த மாதம் முதல் தெமியாங் பின்கூடத்தில் பகல் விருந்து நடந்தது. விருப்பமுள்ள யாரும் வரலாம் என்றார். முதலில் ரந்தாவ் துரை வந்தார். அவரோடு, அதுவரை பின்வாசலில் நின்று பாட்டில் வாங்கிப்போன, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் முன்வாசல் வழியாக வந்தார். தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் பாதுகாப்பு வண்டி வரும் நாட்களில் வீரமுத்துவும் வந்தார். நாளடைவில் அன்னபூரணமே ஊற்றவும் விளக்கவும் பழகிக்கொண்டார்.

ஊற்றி முடித்ததும் கூடத்தில் ஓர் அமைதி விழும். துரையும் கிராணியும் மண்டோரும் ஒரே மேசையில் கண்களை மூடி, கோப்பைக்குள் முகம் கவிழ்த்திருப்பார்கள். சன்னதியில் திரை விலகுமுன் நிற்கும் அமைதி அது. அந்த நேரத்தில் அன்னபூரணம் பேச மாட்டார். மூச்சைக்கூட மெல்லத்தான் விடுவார்.