முனுசாமி எழுதியதை நான் அழித்தேன்

முனுசாமி நேற்று மதியம் இறந்துவிட்டார். மாரடைப்பு. செய்தியைத் தோட்டத்து குரூப்பில்தான் பார்த்தேன்.

என் நண்பர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் நான்.

சிங்கப்பூர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜொகூரில், தம்போயில் வீடு. கெலாங் பாத்தா பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் பழைய ஆட்களுக்காக ஃபேஸ்புக்கில் ஒரு குரூப் நடத்தினார். எழுபது வயதிலும் தலைக்குக் கன்னங்கரேலென்று சாயம். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

எங்கள் மாதா கோயில் பங்கில் மூத்தவர்களுக்குக் குடும்ப வரலாறு தேடும் வகுப்பை நான்தான் எடுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானப் பதிவேடு, பதிவிலாகா, ஸ்கூடாய் பல்கலைக்கழக நூலகம், பழைய கல்லறைகள்... எதை எங்கே கேட்பது என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

என் சொந்த அம்மாவின் கல்லறை மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். நாங்கள் புதுச்சேரியிலிருந்து வந்த பழைய கத்தோலிக்கக் குடும்பம் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் ஜொகூரில் உள்ள மாதா கோயில் பதிவேடுகளை எல்லாம் புரட்டினேன். அம்மாவின் பெயர் எதிலும் இல்லை.

கடைசியில் அப்பாவின் பழைய படம் ஒன்றை இங்கே என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டேன். சில நிமிடங்களில் முன்பின் தெரியாத ஒருவரின் கமென்ட் வந்தது.

"அக்கா, இந்தப் படம் எங்க வீட்லயும் இருக்கு. உங்கப்பா எங்க தோட்டத்துல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவரு. உங்கம்மா பேரு அஞ்சலை. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடிதான் பொதைச்சிருக்கு. அவங்க போனப்புறம் எங்கம்மாதான் உங்களுக்குப் பால் குடுத்தாங்க."

பங்கு மக்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில்.

நான் அதை அழித்தேன். அவரை பிளாக்கும் செய்தேன். யாராவது பார்த்திருப்பார்களோ என்று அன்று முழுவதும் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் பத்து பகாட் ஊரில் இருக்கும் என் அத்தைக்கு ஃபோன் செய்தேன். அப்பாவின் தங்கை. அஞ்சலை யார் என்று கேட்டேன். "உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பிளாக்கை எடுத்துவிட்டு முனுசாமிக்குச் செய்தி அனுப்பினேன். ஏதோ டெக்னிகல் பிரச்சினை, உங்கள் கமென்ட் தானாகவே போய்விட்டது என்று எழுதினேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கூசாமல் ஒரு பொய்.

"பரவால்லக்கா, என் போனும் அப்படித்தான்" என்று பதில் போட்டார். கூடவே ஒரு சிரிப்புப் படம்.

அம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்ட அவரே காரில் வந்து என்னை அழைத்துப் போனார். இப்போது அங்கே ரப்பர் போய், எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தது. நான் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு போயிருந்தேன். "ஏங்க்கா, கான்வென்ட்ல சேத்துல நடக்கச் சொல்லிக் குடுக்கலயா?" என்று கேட்டுவிட்டு, பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நடந்தேன்.

கல் இல்லை, பெயர் இல்லை. ஒரு மண்மேடும், தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடியும். முனுசாமியின் அம்மா நட்டதாம். அந்த அம்மா இருந்தவரை வருடாவருடம் வந்து புல் செதுக்கிக் கற்பூரம் ஏற்றுவாராம். அதற்குப் பிறகு முனுசாமி.

சிலுவை போடுவதா, கை கூப்புவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சீக்கிரம் கும்புடுங்கக்கா, பசிக்குது" என்றார்.

திரும்பும் வழியில், இதை குரூப்பில் போடட்டுமா, பழைய ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் என்று கேட்டார். இப்போது வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். பிறகு ஈஸ்டர் முடியட்டும் என்றேன். அடுத்து வேறு ஏதோ ஒன்று. அவர் மறுபடி கேட்கவில்லை. பண்டிகை நாட்களில் மட்டும் "வணக்கம் அக்கா" என்று அனுப்புவார். நான் "Thank you, Mr. Munusamy" என்று பதில் எழுதுவேன்.

இன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

அவருடைய மகள் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, "ஆன்ட்டி, அப்பாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

பெற்ற பிள்ளையிடம்கூட அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா.

அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் எங்கள் பங்கைச் சேர்ந்த இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "ஃபேஸ்புக் பழக்கம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் எடுத்து வரப் போனாள். அந்தத் தண்ணீரை நான் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் அம்மா பெயர் அஞ்சலை. தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், இருந்தவர். என் அப்பா பால்மரம் வெட்டியவர். முனுசாமியின் அம்மா எனக்குப் பால் கொடுத்தவர். முனுசாமி எனக்கு ஃபேஸ்புக் பழக்கம் இல்லை.

நாளை காலை எடுக்கிறார்கள். தம்பிக்கு அக்கா கோடித் துணி போடுவது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது வேட்டியா, துண்டா, யார் கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். அழிக்க மாட்டேன்.

போய் வா, தம்பி.