தெப்பத்துக்குக் கட்டிய ஆயில் எஞ்சின்

பெருமாள் நடுக்குளத்தில் நின்றுவிட்டார். தெப்பத்தில் அவரோடு பட்டாச்சாரியாரும் தர்மகர்த்தாவும் மேளக்காரர்களும் இருந்தார்கள். தெப்பத்தை இழுத்துக்கொண்டிருந்த மோட்டார் படகில் நான் இருந்தேன். நின்றது என் எஞ்சின்தான்.

“இன்ஜினீரே, சாமிய எறங்கித் தள்ளச் சொல்லுபா!” என்று படிக்கட்டிலிருந்து ஒருவன் கத்தினான். காஞ்சிபுரமே சிரித்தது.

அப்போது அறுபதுகளின் கடைசி. நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஊரில் பம்புசெட் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். கிணற்றில் ஓடுகிற எஞ்சின் குளத்தில் ஓடாதா என்று தர்மகர்த்தாவுக்கு ஆசை காட்டியவன் நான்தான். தாமல் ஏரியில் சும்மா கிடந்த மரப்படகைக் கொண்டுவந்து அதில் அஞ்சு எச்.பி. ஆயில் எஞ்சினை ஏற்றினேன்.

அதுவரை தெப்பத்தைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தவர்கள் முனுசாமியும் அவர் ஆட்களும். மூன்று சுற்று முடிந்ததும் தர்மகர்த்தா முனுசாமியின் தலையில் பரிவட்டம் கட்டுவார். ஒரு முழத் துணிதான். ஆனால் வருஷத்தில் அந்த ஒரு நாள் ஊரே அவரை நிமிர்ந்து பார்க்கும்.

வெள்ளோட்டத்தன்று அவர் படகருகே வந்து கேட்டார்: “கவுறு போனா பரிவட்டமும் பூடுமா சார்?”

“எஞ்சினுக்குத் தலை கிடையாதுங்க. உங்களுக்கேதான் கட்டுவாங்க” என்றேன். பெரிய ஹாஸ்யம் என்று நினைப்பு.

சல்லடை

படகு எஞ்சினுக்குக் குளத்துத் தண்ணீர்தான் கூலிங். அடியில் இருக்கும் குழாய் வழியாக ஒரு சின்னப் பம்பு தண்ணீரை உறிஞ்சும். அது எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டுக் குழாயில் வெளியே விழும். உறிஞ்சும் வாயில் ஒரு பித்தளைச் சல்லடை உண்டு. வெள்ளோட்டத்தில் பாசி அதை அடைத்து அடைத்து என் உயிரை வாங்கியது. சல்லடையைக் கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. மூன்று சுற்றுதானே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

திருவிழாவன்று ஜனங்கள் மாலை, துளசி, பொரி எல்லாவற்றையும் பெருமாளை நோக்கி வீசினார்கள். பாதி பெருமாளுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி என் பம்புக்கு.

இரண்டாவது சுற்றில் இழுவை குறைந்தது. ஆக்ஸிலேட்டரைக் கூட்டினேன். புகைதான் கூடியது. டீசலில் காற்று புகுந்திருக்கும் என்று எஞ்சினை நிறுத்தி, ஃபில்டரைத் திறந்து ஏர் எடுத்து, மறுபடி கிளப்பினேன். பக்கவாட்டுக் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே தண்ணீர் நின்றுபோய் ஆவி வந்துகொண்டிருந்தது. படகு கொஞ்ச தூரம் போவதற்குள் சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகப் பிடித்துக்கொண்டது. ஹேண்டில் அசையவில்லை.

பட்டாச்சாரியார் தெப்பத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “பெருமாள் அசையாம இருக்கறது வழக்கம்தான் ஓய். உம்ம எஞ்சினுக்கு ஏன் அந்த வைராக்கியம்?”

முனுசாமி கயிற்று நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு குளத்தில் குதித்தார். நீந்தி வந்து தெப்பத்தில் முடிச்சுப் போட்டார். கரையிலிருந்து அவர் ஆட்கள் இழுக்க, மீதிச் சுற்று முடிந்தது. பெருமாளுக்கு வாலாக என் படகும் போயிற்று.

நார்

கரை சேர்ந்ததும் பம்பைத் திறந்தேன். உள்ளே மாலை கட்டிய வாழைநார் பந்தாகச் சுருண்டு கிடந்தது. தர்மகர்த்தா பரிவட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் என்னருகே நின்றார்.

“இன்னாய்யா ஆச்சு? ஊர் சிரிக்குதேய்யா!”

நாரில் ஒட்டியிருந்த துளசியையும் பூவையும் விரலால் உதிர்த்தேன். வெறும் நாரை மட்டும் அவரிடம் நீட்டினேன்.

“யாரோ வேணும்னே திணிச்சிருக்காங்க சார். காலையிலேர்ந்து படகு பக்கத்துல உக்காந்திருந்தது கயிறு கோஷ்டிதான்.”

முனுசாமி ஈர வேட்டியோடு எதிரே நின்றிருந்தார். அதுவரை என்னை சார் என்று அழைத்தவர்.

“நான் அடைக்கணும்னா மொதல்ல உன் வாயத்தான்யா அடைச்சிருப்பேன்!”

சிலர் சிரித்தார்கள். தர்மகர்த்தா சிரிக்கவில்லை. பரிவட்டத்தை மடித்துத் தட்டில் வைத்துவிட்டார். முனுசாமி வெறுந்தலையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனார். ஸ்பானரை எடுக்கக் குனிந்தபோது, வெள்ளோட்டத்திலிருந்து பாக்கெட்டிலேயே கிடந்த சல்லடை என் தொடையில் குத்தியது.

அடுத்த வருஷம் எஞ்சின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பழையபடி கயிறுதான். முனுசாமி வந்தார், மூன்று சுற்றும் இழுத்தார். தர்மகர்த்தா பரிவட்டத்தை எடுத்ததும், “எஞ்சினுக்கே கட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜனம் சிரித்தது. கூட்டத்தில் நின்ற நானும் சிரித்து வைத்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை.

படகு எஞ்சின் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இழுவை குறைந்தால் டீசலில் கை வைக்காதீர்கள். முதலில் பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிறதா பாருங்கள். விழவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சல்லடையைப் பாருங்கள். சல்லடையே அங்கே இல்லையென்றால், யார் பெயரையும் சொல்வதற்கு முன் உங்கள் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள்.