இருக்கட்டும் அக்காவின் பீரோ

நாங்கள் கண் செய்கிறவர்கள். இப்படிச் சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார், அப்புறம் தன் கண்ணை ஒரு தடவை தேய்த்துக்கொள்வார். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவருக்கு, மிச்சமிருக்கும் கண்ணுக்கு ஜோடியாக அக்ரிலிக்கில் ஒன்று செய்து பொருத்துவது எங்கள் பட்டறையின் தொழில். அளவெடுப்பது முதலாளி. நிறம் தீட்டுவது நான். மற்ற எல்லாமே இருக்கட்டும் அக்காதான்: போன், பார்சல், பூட்டு, சாவி, மெயில், எங்கள் சண்டைகள்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். பட்டறையில் யார் எதைக் குப்பையில் போடப் போனாலும் அக்காவின் குரல் முந்திக்கொண்டு வரும்: "இருக்கட்டும்." பார்சல் கட்டி வந்த சணல், மூடி தொலைந்த டப்பா, ஜோடி இல்லாத திருகாணி, எழுதாத பேனா எல்லாம் இருக்கட்டும். "எழுதாத பேனா எதுக்குக்கா?" என்று நான் ஒருமுறை எரிந்து விழுந்தேன். "மூடி நல்லா இருக்குல்ல" என்றார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சொன்னவர் எங்கள் அக்காவைப் பார்த்திருந்தால், இவ்வளவு துரும்பா என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்.

அவர் கணவர் ஒரு பள்ளி வேன் ஓட்டுகிறார். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதே வேடிக்கையைச் சொல்வார்: "என்னையும் இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கா பாருங்க, அந்தக் குணத்துலதான் என் பொழப்பே ஓடுது." வீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கசக்குவதற்குக்கூட அவர் அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

மெயில் சர்வர் அக்காவின் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. வேறு இடமில்லாததால், அக்காவின் மேஜைக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் வைத்தார்கள். பக்கத்தில் இருப்பதால் அக்காவே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் முதலாளி. நாளடைவில் அதன் சத்தத்தை வைத்தே அக்கா நிலைமை சொல்வார். "இன்னைக்கு மூச்சு வாங்குது, ஃபேனைத் திருப்பி வைங்க." அந்தப் பெட்டிக்குள்தான் எங்கள் மெயில்கள் எல்லாம் இருந்தன. கண் ஆஸ்பத்திரிகள் நோயாளியின் நல்ல கண்ணைப் பெரிதாகப் படமெடுத்து மெயிலில் அனுப்பும். நான் அதைத் திரையில் வைத்துக்கொண்டு நிறம் கலப்பேன். படங்களைத் தனியாக எடுத்து வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, "அதான் மெயில்லயே இருக்கே, தனியா எதுக்கு?" என்றார் முதலாளி.

பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர் அக்காவிடம் ஒரு தனி டிஸ்க்கைக் கொடுத்து, வாரம் ஒருமுறை அதைச் செருகி பேக்கப் எடுக்கச் சொன்னார். முதல் வாரம் அக்கா ஒழுங்காக எடுத்தார். அடுத்த வாரம் செருகியபோது திரை கேட்டது: பழைய காப்பியை அழித்துவிட்டு எழுதலாமா?

யாரிடம் கேட்கிறது பாருங்கள்! அக்கா 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். டிஸ்க்கைப் பிடுங்கி, சுத்தமான துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். "நல்லா எடுத்து வச்ச காப்பிய எவனாவது அழிப்பானா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதோடு பேக்கப் முடிந்தது.

சில மாதங்களில் பெட்டி திணற ஆரம்பித்தது. "மெயில் திரும்பி வருது, உங்க பக்கம் என்ன கோளாறு?" என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் திட்டினார்கள். அக்கா சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் போனிலேயே சொல்லிவிட்டார்: "டிஸ்க் நிரம்பிடுச்சும்மா. லாக்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல பழசையெல்லாம் டெலீட் பண்ணிடுங்க, சரியாயிடும்."

அக்கா "சரிங்க" என்றார். அக்கா சரி என்று சொன்னால் செய்வார் என்று அந்த மனிதர் நினைத்தது அவர் தப்பு. பட்டறையில் கிடந்த ஒரு பழைய டிஸ்க்கைச் செருகி, அந்த ஃபைல்களை அப்படியே அதற்கு நகர்த்தினார். பெட்டிக்கு மூச்சு வந்தது, மெயிலும் வந்தது. டிஸ்க்கின் மேல் ஒன்று என்று எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்தார். அடுத்த தடவை நிரம்பியபோது இரண்டு. அதற்கடுத்து மூன்று. வருடங்கள் இப்படியே ஓடின. அந்த ஃபைல்களில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. "பேரு வரிசையா நம்பர் போட்டு வருது. யாரோ மெனக்கெட்டு நம்பர் போட்டிருக்காங்க, நாம எதுக்கு அழிக்கணும்? இருக்கட்டும்."

பிறகு ஒருநாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்து நின்றது. அக்கா எழுந்து நின்றுவிட்டார். வேலை செய்துகொண்டிருந்த நானும் தூரிகையைக் கீழே வைத்தேன். மெயில் மொத்தமும் போய்விட்டது. வந்தது, போனது, படம், எதுவுமே இல்லை.

இந்த லட்சணத்தில், அந்த வாரம்தான் டீச்சர் வந்தார்.

சில வருடங்களுக்கு முன்பு அவருக்கு நான் ஒரு கண் செய்து கொடுத்திருந்தேன். முகம் கழுவும்போது பலமாகத் தும்மியதில் அந்தக் கண் கழன்று, தொட்டியின் ஓட்டை வழியாக ஓடுகிற தண்ணீரோடு போய்விட்டதாம். அவர் கணவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நாற்காலியில் உட்காரவைத்தபோதுதான் கவனித்தேன். முன்பு நன்றாக இருந்த மற்ற கண்ணில், ஏதோ கிருமி பட்டு, கருவிழி முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், அவ்வளவுதான். எந்தக் கண்ணைப் பார்த்து நான் நிறம் கலப்பது?

"முன்னாடி செஞ்ச மாதிரியே செஞ்சு குடுங்க. உங்ககிட்ட என் கண்ணோட படம் இருக்கும்ல?" என்றார் டீச்சர்.

அந்தப் படம் பெட்டியோடு போயிருந்தது. சாதாரணப் பழுப்புக் கண் என்றால் குத்துமதிப்பாகத் தீட்டிவிடலாம். அவருடையது அப்படியில்லை என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது. கருமையில் எங்கோ ஒரு வேறு நிறம். எங்கே, எவ்வளவு, எப்படி? எத்தனையோ கண்கள் தீட்டியாயிற்று, நினைவில்லை. வீட்டுப் படங்களை அவர் கணவர் கொண்டுவந்து கொட்டினார். எல்லாவற்றிலும் முகம் இருந்தது, கண் ஒரு புள்ளி. அனுப்பிய ஆஸ்பத்திரியில் கேட்டால், கம்ப்யூட்டர் மாற்றியபோது பழசெல்லாம் போய்விட்டது என்றார்கள்.

"ஏதோ ஒரு கருப்புக் கண்ணு போதாதாம்மா?" என்று முதலாளி தயங்கிக் கேட்டார்.

"இத நான் பாக்கப் போறதில்ல சார்," என்றார் டீச்சர். "என்னைப் பாக்கறவங்களுக்குத்தான். இவருக்கும் என் பொண்ணுக்கும் நான் நானா தெரியணும். அவ்வளவுதான்."

மறுநாள் புது சர்வீஸ்காரர் வந்தார். கனத்த உடம்பு, முன்கோபம், என்னைப் போல ஒரு ஆள். பெட்டியைத் திறந்து பார்த்தார். மெயில் கிடங்கு இருந்த டிஸ்க் செத்துவிட்டது, பக்கத்து டிஸ்க் மட்டும் உயிரோடு இருக்கிறது என்றார். "பேக்கப் இருக்கா?"

அக்கா பெருமையாக, துணி சுற்றிய டிஸ்க்கை எடுத்து நீட்டினார். அதைச் செருகித் தேதியைப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அது டீச்சர் எங்களிடம் முதன்முதல் வருவதற்கும் வெகு முன்னால் எடுத்தது.

"என்னம்மா இது? பெட்டி வாங்குன புதுசுல எடுத்தது! அப்புறம் ஒரு தடவைகூடவா எடுக்கல?"

"அழிக்கவான்னு கேட்டுச்சு. வேண்டாம்னேன்."

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அக்காவை யாராவது திட்டினால் பதிலுக்கு இரண்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அன்று அக்கா டிஸ்க் சுற்றியிருந்த துணியை மட்டும் மடித்தார். தன் கையாலேயே டீச்சரின் கண்ணைத் தொலைத்துவிட்டோம் என்று நின்றார். எனக்கு அந்த மனிதரின் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை என்பதால் அதை விழுங்கிக்கொண்டேன்.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே, நம்பிக்கையே இல்லாத குரலில் அவர் கேட்டார்: "பேக்கப் எடுக்கலன்னா லாக் மலையா சேந்திருக்குமே. டிஸ்க் நிரம்பியிருக்கும். அதையும் டெலீட் பண்ணிட்டீங்க, அப்படித்தானே?"

"சொன்னாங்க," என்றார் அக்கா மெதுவாக. "நான் பண்ணல. இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"எத?"

அக்கா பீரோவைத் திறந்தார். பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்ட டிஸ்க்குகள். சர்வீஸ்காரர் பையைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அப்புறம் அவர் சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. மெயில் வந்தாலும், அனுப்பினாலும், அழித்தாலும், பெட்டி முதலில் அதைப் படத்தோடு முழுசாக லாக் என்கிற குறிப்பில் எழுதிக்கொள்கிறது. பிறகுதான் கிடங்கில் வைக்கிறது. பேக்கப் ஒழுங்காக எடுத்தால், இனி தேவையில்லை என்று லாக்கை அதுவே துடைத்துவிடும். அக்கா எடுக்காததால் துடைக்கவில்லை. ஆக, பழைய காப்பியை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதின லாக் அத்தனையையும் கொடுத்தால், இந்தப் பெட்டி அன்றிலிருந்து நடந்த எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை செய்யும்.

"எல்லாத்தையுமா?" என்றார் முதலாளி.

"எல்லாத்தையும். ஆனா வரிசை அறுபடக் கூடாது. நடுவுல ஒண்ணு இல்லன்னாலும் அங்கயே நின்னுடும், அதுக்கப்புறம் இருக்கறது அத்தனையும் வீண்."

அக்கா டிஸ்க்குகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். நான்காம் நம்பர் இல்லை.

டீச்சரின் படம் வந்தது அதற்கும் பிறகு. நான்கு இல்லையென்றால் கண்ணும் இல்லை.

பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடினோம். கடைசியில் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏங்க, வேன்ல பாட்டுப் போட ஒரு டிஸ்க் வாங்கிட்டுப் போனீங்களே, அதுல நாலுன்னு எழுதியிருக்கா?"

"ஆமா, எழுதியிருக்கு. ஏன்?"

"அதுல முன்னாடி இருந்தத என்ன பண்ணீங்க?"

நாங்கள் எல்லாரும் போனை நோக்கிக் குனிந்தோம்.

"ஏதோ நம்பர் நம்பரா நிறைய கெடந்துச்சு," என்றார் அவர். "அத அழிச்சா நீ என்னைச் சும்மா விடுவியா? ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, மிச்ச எடத்துல பாட்டப் போட்டுக்கிட்டேன்."

சர்வீஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். முதலாளி கண்ணைத் துடைத்தார். அக்கா மட்டும், "வேனை எடுத்துக்கிட்டு உடனே வாங்க," என்று அதட்டினார்.

புது டிஸ்க்கில் பழைய காப்பியை இறக்கி, அக்காவின் டிஸ்க்குகளிலும் பெட்டியில் உயிரோடிருந்த டிஸ்க்கிலும் இருந்த லாக் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டி, ஒரு கட்டளை கொடுத்தார் சர்வீஸ்காரர். திரையில் நம்பர்கள் ஓட ஆரம்பித்தன. அவ்வளவுதான், நம்பர்கள். ஆனால் நாங்கள் யாரும் அங்கிருந்து நகரவில்லை. ஒவ்வொரு நம்பருக்குள்ளும் எங்கள் பட்டறையின் ஒரு துண்டு நேரம் இருந்தது. நாங்கள் மறந்துபோன திங்கட்கிழமைகள், ஆஸ்பத்திரிக்காரர்களின் ஏச்சு, எத்தனையோ பேருடைய கண்கள், எல்லாவற்றையும் அந்தக் கிழட்டுப் பெட்டி ஒன்றுவிடாமல், அன்று நடந்த அதே வரிசையில், மறுபடி வாழ்ந்துகொண்டிருந்தது. நான் எதற்கும் எளிதில் அசைகிறவன் இல்லை. அன்று கோயிலில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நான்காம் டிஸ்க்கின் ஃபைல்கள் வந்தபோது அக்கா சர்வரின் மேல் கையை வைத்துக்கொண்டார். அவை தாண்டின. நம்பர்கள் ஓடின. வெயில் சாய்ந்து ஜன்னலை விட்டுப் போனபோது ஓட்டம் நின்றது. பிழை ஏதும் இல்லை என்றது திரை.

மெயிலைத் திறந்து தேடினோம். டீச்சரின் படம் வந்தது. திரை முழுக்க ஒரே ஒரு கண். கருமையான கருவிழியில், கீழ்ப்பக்கமாக, தேன் நிறத்தில் ஒரு சிறு கீற்று. இதை நான் ஒருமுறை தீட்டியிருக்கிறேன் என்பதே எனக்கு நம்ப முடியவில்லை. இப்படி ஒரு கண் உலகத்தில் இனி எங்குமே இல்லை, அந்தப் பிஸ்கட் டப்பாக்களில் மட்டும்தான் இருந்தது.

"இவ்வளவு அழகான கண்ணா இது," என்றார் அக்கா, யாரிடம் என்றில்லாமல்.

கண் தயாரானதும் டீச்சரும் கணவரும் வந்தார்கள். முதலாளி பொருத்தினார். டீச்சர் குரல் வந்த திசைக்கெல்லாம் முகத்தைத் திருப்பினார். அவர் கணவர் எதிரில் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, சரியா வரலயா?" என்று பயந்து கேட்டார் டீச்சர்.

"வந்திருக்கு," என்றார் அவர். "ரொம்ப நாளைக்கப்புறம் நீ என்னைப் பாக்கற."

நான் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அக்கா பீரோவைத் திறந்து, காலியான பிஸ்கட் டப்பாக்களைத் துடைத்து, மறுபடி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். எதுக்குக்கா என்று அன்று நான் கேட்கவில்லை. கீழே கிடந்த ஒரு மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.