கீழ ஒரு மைக்கு

மைக் செட்டு வாடகைக்கு உடற தொழில்ல மொதல்ல காது போவும், அப்பால பொறுமை போவும்; எலெக்ஷன் வந்துச்சுன்னா ரெண்டும் ஒரே நாள்ல போவும். பந்தல் போடறவங்க, நாற்காலி உடறவங்க, பிரியாணி அண்டா தூக்கறவங்க யாராச்சும் இத படிச்சிகினு இருந்தா இப்பவே தலைய ஆட்டுவீங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும். பூந்தமல்லில எங்க ஊட்டுக்காரர் ஆரம்பிச்ச கடை இது. அவர் போனப்புறம் எம் புள்ள தேவராஜ் கம்பத்துல ஏறி ஸ்பீக்கர் கட்டுவான், நான் கீழ ஆம்ப்ளிஃபையர் பொட்டி பக்கத்துல குந்திகினு சவுண்ட ஏத்தி எறக்குவேன். பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் அந்தப் பொட்டிய உடல.

ரெண்டு மைக்கு வேணும்

கடைக்கு ஒரு பொண்ணும் பையனும் வந்தாங்க. பொண்ணு நிவேதா, காட்டுப்பாக்கம் பக்கம் ஃப்ளாட்ல கீது. பையன் மாரிமுத்து, அதே காலேஜு. அவங்கப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரில வேலை, சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம். மொத ஓட்டு போடப்போற பசங்கல்லாம் சேந்து, நம்ம தொகுதி வேட்பாளருங்கள ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்ட்டு கேள்வி கேக்கப்போறாங்களாம். போலீஸ் பர்மிஷன்லாம் வாங்கிட்டாங்களாம். மேடைக்கு ஒரு மைக்கு, கீழ சனத்துக்கு ஒரு மைக்கு வேணுமாம்.

கீழ எதுக்குடி மைக்குன்னேன். கீழ மைக்கு போனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். ஒரு தபா வளகாப்புல சம்பந்தியம்மா கைல மைக்கு மாட்டிகிச்சு. பாடறேன்னு ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது வரிலயே பாட்ட உட்டுட்டு, கல்யாணத்துல அவங்களுக்கு ஆறிப்போன காப்பி குடுத்த கதைய எடுத்துட்டாங்க. வளையல் போட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு குடும்பமும் தனித்தனி வேன் ஏறிடுச்சு. அந்தக் காப்பிய கலந்தது யாருன்னு இன்னும் சண்ட ஓடுது. சரி, அத உடுங்க.

பசங்க கேக்கப்போறது ஒரே ஒரு கேள்விதான். ரோட்ட தோண்டினப்ப நம்ம பஸ் ஸ்டாப்ப எடுத்தாங்க. ரோட்ட மூடியாச்சு, ஸ்டாப்பு திரும்பி வரல. இருட்டினப்புறம் அடுத்த ஸ்டாப்புல எறங்கி, குடோன் லாரிங்களுக்கு நடுவுல பொண்ணுங்க நடந்து வருதுங்க. கேள்வி நியாயம்தான். ஆனா அங்க வரப்போறதுல ஒருத்தரு, நம்ம வார்டு செயலாளர் ஏகாம்பரத்தோட வேட்பாளர். அவங்க கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் எங்க செட்டுதான். அவரு மூஞ்சி கோணிச்சுன்னா அந்த ஆர்டர் பூரா போயிடும், அப்பால வருஷம் முச்சூடும் காது குத்துக்கும் கோயில் கூழுக்கும் காத்துகினு குந்தணும். தேவராஜ் வேணாம்னு கண்ண காட்னான். நான் அந்தப் பொண்ண பாத்து, "மைக்கு இல்லாமயே சத்தமா கேளேன்"னேன். அவ சொன்னா, "கத்திக் கேட்டா கலாட்டாங்கறாங்க பாட்டி. மைக்குல கேட்டாத்தான் அது கேள்வியாம்."

ஒத்திகை

கூட்டத்துக்கு மொத நாள் சாயங்காலம் மண்டபத்துல டெஸ்டிங்கு. பசங்க ஒத்திகை பாக்கணும்னாங்க. மாரிமுத்துவ வேட்பாளரா மேடைல நிக்க வெச்சாங்க. அந்தப் புள்ள சாதாரணமா வாயத் தொறக்காது, கேட்டதுக்குத் தலைய மட்டும் ஆட்டும். நிவேதா கீழ இருந்து, "பஸ் ஸ்டாப்பு எப்ப வரும்?"னு கேட்டா.

அவ்ளோதான். "என் உயிரினும் மேலான வாக்காளப் பெருமக்களே"ன்னான் பாருங்க, நானே பொட்டிய உட்டுட்டு நிமுந்துட்டேன். அவங்க தாத்தா வயல்ல பட்ட பாடு, அவன் சின்ன வயசுல செருப்பில்லாம நடந்தது, விண்வெளிக்கு ராக்கெட்டு உட்டது, எல்லாம் வந்துச்சு. பஸ்ஸு மட்டும் வரல. பசங்க மைக்க புடுங்கப் போனா மேடைய சுத்தி ஓடறான். வயரு கால்ல சுத்தி உழுந்தப்புறந்தான் நின்னான். எழுந்து பேன்ட்ட தட்டிகினே என்னாண்ட வந்து சொன்னான், "எம்மேல தப்பில்ல ஆச்சி. மைக்க கையில வாங்கினதும் வாயி தானாப் போவுது."

கத்திரிக்கோல் சின்னம்

கூட்டத்தன்னிக்கு மொதல்ல பேசினது ஒரு சுயேச்ச. கத்திரிக்கோல் சின்னம். தனியா பைக்ல வந்தாரு, ஹெல்மெட்ட வெக்க எடமில்லாம எங்கிட்டதான் குடுத்தாரு. கூட்டத்துல எதயாச்சும் பாத்துக்கச் சொல்லி என் மடில வெக்கறது ஒண்ணும் புதுசில்ல. ஒரு மாநாட்டுல ஒருத்தரு பல் செட்ட கழட்டிக் குடுத்துட்டுப் போயி, பேச ஆரம்பிச்சப்புறம் ஆள் அனுப்பினாரு.

நிவேதா கீழ மைக்க புடிச்சு, "நீங்க ஜெயிச்சா எங்க ஸ்டாப்பு திரும்பி வருமா, வராதா?"ன்னா. அந்த மனுஷன் நல்லா யோசிச்சாரு. கூட்டத்துல ஒருத்தரு மைக்க புடிச்சிகினு பேசாம நிக்கறத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். வயரு கழண்டுகிச்சோன்னு பொட்டிய தட்டிக்கூட பாத்தேன். கடைசில சொன்னாரு, "யாராண்ட போயி கேக்கறதுன்னே தெரியலம்மா. தெரிஞ்சிருந்தா நான் ஏன் எலெக்ஷன்ல நிக்கறேன்?"

எந்த வயரு

அப்பால ஏகாம்பரத்தோட வேட்பாளர் மேடைக்கு வந்தாரு. மால, சால்வ, கூட பத்துப் பதினஞ்சு பேரு. அதே கேள்வி. மாரிமுத்து முந்தின நாள் பேசின மாதிரியே ஆரம்பிச்சாரு, தாத்தாலருந்து. நிவேதா பொறுமையா கேட்டுகினு இருந்துட்டு, "ஐயா, பஸ்ஸு நிக்குமா, நிக்காதா?"ன்னா. அவரு நாட்டுப் பொருளாதாரத்துக்குப் போனாரு. "ஐயா, பஸ்ஸு நிக்குமா, நிக்காதா?" கொரல ஒசத்தல, கோவப்படல. ஸ்கூல்ல வாய்ப்பாடு சொல்ற மாதிரி கேட்டுகினே கீறா. சனம் சிரிக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஏகாம்பரம் செவுத்தோரமா குனிஞ்சிகினே எங்கிட்ட ஓடி வந்தாரு. "ஆயா, கீழ மைக்க அணை." முடியாதுன்னுட்டேன். செட்ட எடுத்தவங்க சொன்னாத்தான் அணைப்போம், அதான் எங்க தொழில். "உங்கூட்டத்துல வேற கட்சிக்காரன் வந்து அணைக்கச் சொன்னா நான் அணைப்பனா நைனா?"ன்னேன். அவரு கேக்கல. தானே ஒரு வயர தேடிப் புடிச்சு புடுங்கிட்டாரு. அது மேடை ஃபேனு வயரு. மைக்கு ரெண்டும் கணீர்னு வேல செய்யுது, வேட்பாளருக்கு சால்வைக்குள்ள வேர்வ ஆறா ஓடுது, கீழருந்து "நிக்குமா, நிக்காதா?" கடைசில "ஆவன செய்யப்படும்"னுட்டு எறங்கிட்டாரு. ஏகாம்பரம் போறப்ப எம்பக்கம் திரும்பி சொன்னாரு, "அடுத்த கூட்டத்துக்கு நாங்க வேற செட்டு பாத்துக்கறோம் ஆயா. நீ பசங்களுக்கே கட்டிகினு இரு."

டீக்கட பேச்சு

சொன்ன மாதிரியே செஞ்சாரு. அவங்க அடுத்த கூட்டத்துக்கு திருமழிசை பக்கத்துலருந்து செட்டு வந்துச்சு. எங்க வண்டி கட வாசல்லயே நிக்குது. தேவராஜ் எங்கூட பேசறத நிறுத்திட்டான். நெத்திலிக் கொழம்பு வெச்சேன், அவனுக்கு உசுரு அது. ரெண்டு தபா ஊத்தி சாப்ட்டான், அப்பவும் பேசல. அவங்கப்பா புத்தி அப்டியே. அவரு கோச்சிகினா ரேடியோவாண்ட பேசுவாரே தவிர எங்கிட்ட பேச மாட்டாரு.

ஆனா அந்த ஃபேனு நின்ன கூத்த பசங்க ஃபோன்ல புடிச்சிருந்தாங்க. அது ஊரு பூரா சுத்திடுச்சு. டீக்கடைல எவனாச்சும் வேர்வ தொடச்சா, "நிக்குமா, நிக்காதா?"ங்கறாங்க. எதிர்க்கட்சி வேட்பாளர் உசாராயி, தன் கூட்டத்துல கீழ ஒரு மைக்கு வெச்சு, "நாங்க கேள்விக்கு பயந்தவங்க இல்ல"ன்னு போஸ்டரே ஒட்டிட்டாரு. மறுநாள் ஏகாம்பரம் எங்க கட வாசல்ல நிக்கறாரு. எனக்கு டீ வாங்கி வெச்சிகினு நிக்கறாரு. "தலைவரு சொல்லிட்டாரு ஆயா. கீழ மைக்கு வெச்சு பழக்கமான செட்டுதான் வேணுமாம். அத யாரு கைல குடுக்கறதுங்கறத மட்டும் நாங்க பாத்துக்கறோம்."

யாரு கைல

கூட்டம் பூந்தமல்லில, ஒரு தெரு முனைல. கேள்வி கேக்க ஏகாம்பரம் அவங்க ஆளுங்களயே வரிசைல நிக்க வெச்சிருந்தாரு. எல்லாம் மனப்பாடம். ஒருத்தரு, "ஏழைங்க மேல உங்களுக்கு எப்டிய்யா இவ்ளோ பாசம்?"ங்கறாரு. வேட்பாளர் கண்ண தொடச்சிக்கறாரு. பொம்பளைங்க சார்பா கேக்க நம்பிக்கையான ஆளு வேணும்னு, ஏகாம்பரம் சொந்த ஊட்டுக்காரி செல்வியவே நிறுத்திட்டாரு. செல்வி செம்பரம்பாக்கம் பக்கம் குடோன்ல பேக்கிங் வேலைக்குப் போவுது. நல்ல பொண்ணு, அதிர்ந்து பேசாது.

"பெண்கள் முன்னேற்றத்துக்கு ஐயாவோட கனவு என்ன?"ன்னு சொல்லிக் குடுத்தத சரியா கேட்டுச்சு. அவரு பதில் சொல்ல வாயத் தொறந்தாரு. செல்வி மைக்க கீழ வெக்கல. "கனவு இருக்கட்டுங்கய்யா. வேல முடிஞ்சு நானும் அந்த லாரிங்களுக்கு நடுவுலதான் நடந்து வரேன். நம்ம ஸ்டாப்புல பஸ்ஸு நிக்குமா, நிக்காதா?" கூட்டத்துல கீற பொம்பளைங்க அத்தன பேரும் கை தட்டறாங்க. பின்னால நிவேதாவும் மாரிமுத்துவும் ஃபோன தூக்கிகினு நிக்கறாங்க.

நான் ஏகாம்பரத்த பாத்தேன். இந்தத் தபா செட்டு எடுத்தது அவரு. அணைன்னு சொன்னா நான் அணைச்சுத்தான் ஆவணும், எங்கையி பொட்டி மேலதான் கீது. அவரு கையி மேல போச்சு. செல்வி திரும்பி அவர ஒரு பார்வ பாத்துச்சு. போன கையி அப்டியே தலைய சொறிஞ்சுட்டு எறங்கிடுச்சு. மேடைல வேற வழியில்ல. "நிக்கும்மா. ஜெயிச்சாலும் தோத்தாலும் நானே போயி மனு குடுத்து நிக்க வெக்கறேன்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.

கூட்டம் கலஞ்சப்புறம் தேவராஜ் வயர சுத்திகினே, "அடுத்த கூட்டம் எங்கண்ணா?"ன்னு ஏகாம்பரத்த கேட்டான். அவரு எடத்த சொல்லிட்டு, வண்டில ஸ்பீக்கர ஏத்த ஒரு கை குடுத்தாரு. அப்பால எங்கிட்ட குனிஞ்சு மெதுவா சொன்னாரு, "அணைக்கச் சொல்லத்தான் கைய தூக்கினேன் ஆயா. அப்பால ராத்திரிக்கு எனக்கு எவன் சோறு போடுவான்?"

எலெக்ஷன் இன்னும் நடக்கல, பஸ்ஸு இன்னும் நிக்கல, ஆனா எந்தக் கட்சிக்காரரு செட்டு கேட்டு வந்தாலும் இப்பல்லாம் அவங்கவங்க ஊட்டுக்காரம்மாவ கலந்துகினுதான் கூட்டத்துக்குத் தேதி சொல்றாங்க.