பியானோக்காரரை நான் காப்பாற்றிய கதை

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பர்மியப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். தமிழ், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வகுப்பில் கற்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கோயில் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். முடியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்ததால்தான் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் சொல்வதற்கு ஒரே ஒரு கதைதான் இருக்கிறது. அதையும் இத்தனை வருஷமாகத் தப்பாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் மாமாவும் அத்தையும். மாமா என் அம்மாவின் அண்ணன். வெளிநாட்டுக்காரர்களின் கலை அலுவலகம் ஒன்றில் கார் ஓட்டினார். அத்தை விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து விற்பாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் எங்கள் சந்தில் பிறந்த குழந்தை எதுவும் அவள் ஆட்டாமல் தூங்கியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவள் ஒரு கையால் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே தாலாட்டுப் பாடுவாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதனால் அவர்கள் வீட்டுத் தாலாட்டில் மானும் மயிலும் இருக்காது.

“துறைமுகத்துச் சங்கு ஊதியாச்சு, தூங்கலையே என் தங்கம்.”

இப்படித்தான் அது தொடங்கும். கோயில் பஜனையில் அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள். வெளியாள் ஒருவர் அவள் பாடிக் கேட்டது கிடையாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மாமாவின் அலுவலகத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் இசையமைப்பாளர். பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பியானோ வாசிப்பவரும்கூட. போகிற ஊரில் எல்லாம் ஒரு தாலாட்டைக் கேட்டு வாங்கி, அதற்குப் பியானோ பகுதி எழுதி, அந்த ஊர்க்காரரையே பாட வைத்து, தானும் கூட வாசிப்பது அவருடைய வழக்கமாம். பர்மியத் தாலாட்டுக்கு ஆள் கிடைத்தது. கரேன் இனத்தாரின் தாலாட்டுக்கும் கிடைத்தது. “இந்த ஊரில் தமிழர்களும் இருக்கிறார்களாமே, அவர்களில் யாராவது?” என்று காரின் பின் சீட்டில் அவர் அலுவலக மேடத்திடம் கேட்டிருக்கிறார். முன் சீட்டில் இருந்த மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மாமா படியேறும் சத்தத்திலேயே ஏதோ செய்துவிட்டு வருகிறார் என்று தெரிந்தது.

“ஏம்மா, அடுத்த சனிக்கிழமை நீ பாடுற. மேடையில.”

“யாரு?”

“நீதான். மெட்ராஸ்ல பெரிய பெரிய சபாவுல பாடினவ என் சம்சாரம்னு சொல்லிட்டேன்.”

அத்தை மாவுக் கையோடு நின்றாள். “நான் மெட்ராஸ் பக்கமே போனதில்லையேங்க!”

“அது அவருக்கு எப்படித் தெரியும்?”

“மேடத்துக்கு?”

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அலுவலகத்து மேடம் பர்மியப் பெண்மணி. பொய் சொன்னார் என்பதற்காகவே தோட்டக்காரரை வேலையை விட்டு அனுப்பியவர். அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாமாவின் சம்பளத்தில்தான் இரண்டு குடும்பத்துக்கும் அரிசி வந்தது. அதனால் அன்றிரவு அத்தை அழுதாளே தவிர, முடியாது என்று சொல்லவில்லை. தனியாகப் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அலுவலகத்துக்கு ஒத்திகைக்குப் போகத் துணையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைவிடத் தைரியசாலியை அவள் தேடியிருக்கலாம்.

அந்த ஜெர்மன் பெரியவரை நாங்கள் சயா என்றே கூப்பிட்டோம். வாத்தியார் முதல் வைத்தியர் வரை மரியாதைக்குரிய ஆண்கள் எல்லாருக்கும் இங்கே அதுதான் பெயர். நெட்டையாக, கொஞ்சம் கூன் விழுந்து, மழையில் நனைந்த கொக்கு மாதிரி இருந்தார். அத்தை அவரைப் பார்த்ததும் முதலில் சொன்ன வார்த்தை, “சாப்பிட்டாரான்னு கேளுங்க.” மாமா தனக்குத் தெரிந்த டிரைவர் இங்கிலீஷில் கேட்டார். சயா, சாப்பிட்டாகிவிட்டது என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அங்கே இருந்த பியானோ மழைக்காலத்தில் ஊதிப்போகும். ஈரம் ஏறாமல் இருக்க அதன் வயிற்றுக்குள் ஒரு பல்பைப் போட்டு எரிய விட்டிருந்தார்கள். அப்படியும் ஒரு கட்டை அமுக்கினால் எழுந்திருக்காது. சயா அதை மெதுவாக நிமிர்த்தி வைத்து, நோயாளியைத் தட்டிக் கொடுப்பதுபோல் தட்டிக் கொடுத்தார். பிறகு அத்தையைப் பார்த்து, பாடுங்கள் என்று கையைக் காட்டினார்.

அத்தை நின்றாள். சேலைத் தலைப்பைப் பிடித்தாள், விட்டாள். துறைமுகத்துச் சங்கு என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றாள், மறுபடியும் சங்கோடு நின்றது. மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “தொண்டை கொஞ்சம் சரியில்ல சார்” என்றார். வாசலில் நின்ற மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சயா அவசரப்படவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அத்தையின் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை தானாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் பியானோ பக்கம் திரும்பி, இடது கையால் இரண்டே இரண்டு சுரங்களை, அவள் கை போகிற வேகத்தில், போ வா போ வா என்று வாசித்தார். அறைக்குள் ஒரு தொட்டில் ஆடத் தொடங்கியது. அத்தை திடுக்கிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். குழந்தை முழித்துவிடப் போகிறதே என்று நினைத்தாளோ என்னவோ, பாட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த ஐந்து நாளும் போனோம். அத்தை ஒவ்வொரு அடி முடிந்ததும் தனக்குத் தோன்றும் வரை நிறுத்துவாள். குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்க்கிற நிறுத்தம் அது. அதற்குக் கணக்குக் கிடையாது. சயா ஒரு நாளும் விரலால் தாளம் போட்டு அவளை நெருக்கவில்லை. அவளுடைய தோள் மூச்சுக்கு உயர்வதைப் பார்த்துச் சரியாக அந்த நேரத்தில் வலது கையையும் சேர்த்துக்கொள்வார். எழுந்திருக்காத அந்தக் கட்டையைத் தொடாமலே முழுப் பாட்டையும் எழுதி முடித்துவிட்டார்.

காரில் போகும்போதும் வரும்போதும் மாமா அவர் கதையைக் கேட்டு வந்து எங்களுக்குச் சொல்வார். அவருடைய அம்மா வீட்டிலேயே பாட்டுச் சொல்லிக் கொடுத்தவராம். ஏழு வயதில், பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு, பாட வந்தவர்களுக்கு வாசி என்று உட்கார வைத்தாராம். அன்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கவிதைகளை எடுத்துப் பாட்டாக்குவதுதான் அவர் தொழில். பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர்களிடம், ஒரு குரல், ஒரு பியானோ, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவாராம். “நான் வாசிச்ச பாடகர்களோட முகம் எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல. பின்கழுத்தைக் காட்டினா ஆளைச் சொல்லிருவேன்” என்றாராம்.

“பாவம், யாரும் அவரை முன்னால விடல போல” என்றாள் அத்தை.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கச்சேரி. அதற்குப் பிறகு கரண்ட் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அலுவலகத்து மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர்களும் பட்டு லுங்கி கட்டிய பெரிய மனிதர்களும். மேடம் நடுவில். பியானோ பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தாளைத் திருப்ப வேண்டியவர் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டார். ஐந்து நாளும் பியானோ ஓரத்திலேயே நின்றிருந்த என்னைச் சயா கூப்பிட்டார். “நான் தலையாட்டுவேன். ஆட்டினால் தாளைத் திருப்பு. வேறொன்றும் வேண்டாம்.” மாமா இதைத் தமிழில் சொன்னபோது என் முகம் வெளிறியிருக்க வேண்டும். தனகா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

பர்மியத் தாலாட்டு முடிந்தது. கரேன் தாலாட்டு முடிந்தது. அத்தை மாம்பழ நிறச் சேலையில் வந்து நின்றாள். தொட்டில் ஆடத் தொடங்கியது. சங்கு ஊதியது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி, அவள் குரல் கடைசி வரிசை வரை போனது எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சங்கடம்.

நாலாவது அடி வரவில்லை. அத்தை அசையாமல் நின்றாள். சயா போ வா என்று வாசித்தார். நான் அவர் தலையையே பார்த்தேன். அது ஆடவில்லை. மறுபடியும் போ வா. அதே இரண்டு சுரம். மறுபடியும் அதே. எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெரிய மனிதர் தலையாட்ட மறந்துவிட்டார். தாள் திரும்பாததால் அடுத்து என்ன வாசிப்பது என்று தெரியாமல் அதையே திருப்பித் திருப்பி வாசிக்கிறார். அவர் சரியாகட்டும் என்று அத்தை மரியாதைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள்! மாமா சுவர் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மேடம் கழுத்தை நீட்டினார்.

நான் எழுந்தேன். ஒருவரும் சொல்லாமல், நானே தாளைத் திருப்பினேன்.

சயா தாளைப் பார்க்கவே இல்லை. அத்தையின் பின்கழுத்தைப் பார்த்தபடி, இன்னும் மெதுவாக, இன்னும் மெத்தென்று ஆட்டினார். அத்தையின் வலது கை அசைந்தது. தோள் உயர்ந்தது. நாலாவது அடி வந்தது. அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. பாட்டு முடிந்து, கடைசியில் தொட்டில் மட்டும் நாலு முறை ஆடி நின்றபோது, மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை எங்கள் குடும்பத்துக்காக யாரும் அதற்கு முன்னால் தட்டியதில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். சயா அத்தையை முன்னால் தள்ளிவிட்டு இரண்டடி பின்னாலேயே நின்று குனிந்தார். மறுபடியும் பாடச் சொன்னார்கள். இரண்டாவது முறை அத்தை தலைப்பைப் பிடிக்கவே இல்லை.

மேடம் வந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “மெட்ராஸில் எந்த மண்டபத்தில் பாடினீர்கள்?” என்று பர்மிய மொழியில் கேட்டார்.

அத்தை நிமிர்ந்து, “நான் மெட்ராஸைப் பார்த்ததே இல்லை. இதுதான் முதல் மண்டபம்” என்றாள்.

மேடம் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். “நாளைக்கு சயாவின் விமானம் எட்டு மணிக்கு. நேரத்தோடு வந்துவிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் போனார். மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மாமா சொன்னார், சயாவுக்கு முதல் நாளே தெரியுமாம். “மேடைப் பாடகர்கள் வந்ததும் எந்தச் சுருதி என்று கேட்பார்கள். நான் சாப்பிட்டேனா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை” என்றாராம்.

அன்று எனக்கும் ஒரு கடமை இருந்தது. சயா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமாவை இழுத்துக்கொண்டு போனேன். “பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க மாமா. அவர் மறந்துபோனது யாருக்கும் தெரியாது. நான் திருப்பிட்டேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” மாமா ஒரு மாதிரி விழித்துவிட்டு அப்படியே சொன்னார். சயா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. எழுந்து நின்று, மேடையில் குனிந்ததைவிட அதிகமாகக் குனிந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார்.

சொல்ல மாட்டேன் என்றேனே தவிர, சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பள்ளியில் சொன்னேன், கல்யாணமாகித் தின்கன்ஜூனுக்கு வந்த பிறகு மாமியார் வீட்டில் சொன்னேன். வாய் திறக்காத எனக்கு இந்த ஒரு கதைக்கு மட்டும் வாய் வரும். போன தீபாவளிக்கு என் தம்பி பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“யாருடி மறந்தது?” என்றாள் திடீரென்று.

“சயாதான்.”

“அடி போடி. நான்தான் மறந்தேன். நாலாவது அடி சுத்தமா போயிருச்சு. தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல. அந்த மனுஷன் எனக்காக ஆட்டிக்கிட்டே இருந்தாரு. குழந்தை தூங்கலைன்னா ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கணும்? கேக்குறவங்களுக்கு அதுவும் பாட்டுன்னுதான் தெரிஞ்சுது.”

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே அத்தை!”

“நீ அவ்வளவு சந்தோஷமா சொல்லுவ. அவரே சொல்லாதப்ப நான் ஏன் சொல்லணும்?”

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சயா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, பாடுகிறவர் விழாமல் தாங்குவதும், தாங்கியது தெரியாமல் பார்த்துக்கொள்வதும்தான் என்று பதினோரு வயதில் எனக்குத் தெரியாது. அன்று மண்டபத்தில் அவர் இரண்டு பேருக்குப் பின்னால் இருந்து வாசித்தார் என்பதும், அதில் ஒருத்தி நான் என்பதும் தெரியாது.

கச்சேரிக்கு மறுநாள் விடியற்காலையில் மாமா சயாவை மிங்கலாடோன் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். மழை விடவில்லை. அத்தை வழக்கம்போல் இடியாப்பம் பிழிந்தாள். ஒன்பது மணிக்குள் விற்றுத் தீர்ந்தது.